அரக்குத் தட்டில் ஆல்கஹால்

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓட்டு வீடு. வீட்டில் ஒரு அப்பத்தா, சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பேரன், ஒரு மரப்பெட்டி நிறைய பழைய கிராமபோன் தட்டுகள். இந்தக் கட்டுரைக்கு இந்த மூன்றும் போதும். ஆனால் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பேரனுக்குப் பிடித்திருக்கும் கிறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவன் இசைத்தட்டு சேர்க்கிறவன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போடும் ரகம் இல்லை. 'ஆடியோஃபைல் பிரஸ்ஸிங்' என்று சொல்வார்களே, அது மட்டும்தான் வேண்டும். ஒரே பாட்டு, ஒரே பாடகர், ஒரே அட்டைப்படம், ஆனாலும் இந்தத் தட்டு 300 ரூபாய், அந்தத் தட்டு 15,000 ரூபாய் என்றால் சாதாரண மனுஷனுக்குத் தலை சுற்றும். பேரனுக்குச் சுற்றாது. அவனிடம் காரணம் தயாராக இருக்கும்.

அந்தக் காரணத்தையும் அலட்சியமாகத் தள்ள முடியாதுதான். தட்டு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதலில் லாக்கர் பூசிய ஒரு வட்டில் பாட்டைக் கோடாக வெட்டுகிறார்கள். அதன் மேல் உலோகம் படிய வைத்து எடுத்தால் அது 'அப்பா'. அப்பாவிலிருந்து 'அம்மா'. அம்மாவிலிருந்து 'ஸ்டாம்ப்பர்' என்கிற அச்சு. (நிஜமாகவே அந்தத் தொழிலில் அப்பா, அம்மா என்றுதான் சொல்கிறார்கள்.) அந்த அச்சை வைத்துத்தான் சூடான பிளாஸ்டிக்கை அமுக்கி அமுக்கித் தட்டு எடுக்கிறார்கள். இட்லித் தட்டு மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், இந்த அச்சு அமுக்க அமுக்கத் தேயும். முதலில் வந்த தட்டில் கோடு கூர்மையாக இருக்கும், கடைசியில் வந்ததில் மழுங்கியிருக்கும். அதனால்தான் 'முதல் பிரஸ்ஸிங்' என்றால் பறக்கிறார்கள்.

எது முதல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டின் நடுவில், லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான இடம் இருக்கிறதே, அங்கே பொடி எழுத்தில் கீறியிருப்பார்கள். இங்கிலாந்து ஈஎம்ஐ தட்டுகளில் இது ஒரு ரகசிய மொழி மாதிரி. 'கிராமபோன் லிமிடெட்' என்பதைச் சுருக்கி ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி, டி என்று ஆங்கிலத்தில் பத்து எழுத்து எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார்கள். ஒற்றை 'ஜி' என்று கீறியிருந்தால் முதல் அச்சு. நம் ஊர் மளிகைக்கடைக்காரர்கள் கொள்முதல் விலையை எழுத்தில் எழுதி வைப்பார்களே, அதே தந்திரம்தான்! பேரன் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைத் தேடுவான். பாட்டைக் கேட்பதைவிட அதைத் தேடுவதில்தான் அவனுக்கு அதிக நேரம் போனது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டான்.

இதில் இன்னொரு பைத்தியமும் உண்டு. 33⅓ வேகத்தில் சுற்றும் எல்பி தட்டில் வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு நிறைய இடம் இருக்கும், நடுவை நெருங்க நெருங்க இடம் குறையும். ஆனால் சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அதேதான். ஆக, ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் நெருக்கடியில் மாட்டிக்கொள்கிறது. இதைச் சரிக்கட்ட, ஒரு எல்பியில் அடங்குவதை 45 வேகத்தில் இரண்டு தட்டாகப் போட்டு விலையையும் இரண்டு மடங்கு ஆக்குகிறார்கள். வாங்குகிறவனும் சந்தோஷமாக வாங்குகிறான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தச் சந்தை ஒரு நல்ல பாடம். அளிப்பு முற்றிலும் நெகிழ்ச்சியற்றது. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' முதல் பதிப்பை இன்றைக்கு யாராலும் இன்னொன்று செய்ய முடியாது. இருப்பது இவ்வளவுதான், அதிலும் வருஷா வருஷம் கொஞ்சம் உடைகிறது, கொஞ்சம் கோணுகிறது. தேவையோ கூடுகிறது. ஸ்டீரியோவுக்குப் பேர் போன 'ப்ரியா' (1978), 80களில் எக்கோ முத்திரையோடு வந்த தட்டுகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. தரம் பிரிப்பதிலும் வேடிக்கை. 'மின்ட்', 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்' என்று இறங்கிக்கொண்டே வந்து 'குட்' என்று போட்டிருந்தால், அந்தத் தட்டு குப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 'நல்லது' என்ற சொல் இப்படிக் கேவலப்பட்டது வேறு எந்தத் தொழிலிலும் இருக்காது.

காதின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற கூட்டத்துக்கு 2022இல் ஒரு அடி விழுந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்கிற அமெரிக்க நிறுவனம் இந்த உலகத்தில் கோயில் மாதிரி. மூல நாடாவிலிருந்து நேராகத் தட்டுக்கு, நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது என்று நம்பித்தான் எல்லோரும் வாங்கினார்கள். நடுவில் டிஜிட்டல் பதிவு இருந்தது, அதுவும் பல வருஷமாக, என்று அந்த வருஷம் தெரிய வந்தது. வழக்கு, நஷ்டஈடு எல்லாம் நடந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. அத்தனை வருஷம் அத்தனை லட்ச ரூபாய் மெஷின்களில் கேட்டும் ஒரு காதுகூட அதைக் கண்டுபிடிக்கவில்லையே? பேரனிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

சரி, ஊருக்கு வருவோம்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய தட்டு இரண்டு இடத்திலிருந்துதான் வரும். ஒன்று மைக்செட்காரர்கள் வீடு. காதுகுத்து, கல்யாணம், திருவிழா என்று தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள். அவர்களிடம் தட்டு மலை மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கனமான முள்ளுக்கடியில் நூற்றுக்கணக்கான தடவை ஓடியது. கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று படிக்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மைக்செட்காரர் தட்டைப் பார்க்கலாம். நேர்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா என்றுதான் சொல்ல முடியாது.

இன்னொன்று செட்டியார் வீடுகள். ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, கோனாப்பட்டு, பனையப்பட்டி, குழிபிறை என்று திருமயம் பக்கம் இருக்கிற ஊர்கள். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த பணத்தில் வாங்கிய சாமான்களில் கிராமபோன் பெட்டியும் ஒன்று. நாலு தடவை கேட்டுவிட்டுப் பூட்டி வைத்தது. வீடு பாகப்பிரிவினை ஆகும்போதோ இடிக்கும்போதோ அவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். இந்த வட்டாரத்துக்கும் தட்டு வியாபாரத்துக்கும் சொந்தம் பழசு. ஏவி.மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன்னால், காரைக்குடியில் அவர் அப்பா நடத்திய கடையில் கிராமபோன் தட்டு விற்றார்கள். பிறகு அவரே கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் முத்திரையில் தட்டு போட்டார்.

தட்டு என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு பொருளைச் சொல்கிறோம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எல்பி வந்தது 1948இல், அது வினைல், அதாவது பிளாஸ்டிக். அதற்கு முந்தைய 78 தட்டு அப்படி இல்லை. அது அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் மரத்தில் பூச்சி வைக்கிற அரக்கு. அதோடு கல்மாவு, கரிப்பொடி, பஞ்சுத்தூள் எல்லாம் கலந்து அழுத்தியது. இதில் ஒரு வணிகக் கதையும் இருக்கிறது. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியவர்களைப் பதிவு செய்தபோது இங்கே தட்டு அடிக்கும் ஆலை இல்லை. பதிவை ஜெர்மனியில் ஹனோவருக்கு அனுப்பித் தட்டாக்கிக் கொண்டுவந்தார்கள். பாட்டு நம்முடையது, அரக்கும் நம்முடையது, கப்பல் கட்டணமும் லாபமும் அவர்களுடையது. 1908இல்தான் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது, 1928இல் டம் டம்முக்கு இடம் மாறியது.

ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்கியவர்கள் மட்டும்தான் இன்று மிஞ்சியிருக்கிறார்கள். எஸ்.ஜி.கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்துபோனார். பேசும்படம் 1931லேயே வந்துவிட்டது, ஆனாலும் அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. மேடையையே கிடுகிடுக்க வைத்த அந்தக் குரல் இன்றைக்கு இருப்பது அரக்குத் தட்டில் மட்டுமே. முதல் பிரஸ்ஸிங்கா, ஒன்பதாவது பிரஸ்ஸிங்கா என்று அங்கே யாராவது கேட்பார்களா?

அப்பத்தாவின் பெட்டியில் கிட்டப்பா இல்லை. பி.யு.சின்னப்பா இருந்தார். பி.யு. என்றால் புதுக்கோட்டை உலகநாத பிள்ளை. 1916இல் பிறந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து, 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்று போட்டுத் தாக்கியவர். பாகவதருக்கு ஒரு கட்சி, சின்னப்பாவுக்கு ஒரு கட்சி என்று ஊர் இரண்டாக இருந்த காலம். புதுக்கோட்டையில் அவர் வீடு மேல் வீடாக வாங்கித் தள்ளியதால் இனிமேல் வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். 1951இல், 35 வயதில், இறந்துபோனார். கொள்ளுத்தாத்தா கட்சிக்காரர். ரசிகர் என்பதற்கும் மேலே. சினிமா பார்க்கத் திருச்சிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர். அவர் வாங்கிய தட்டுகளில் சின்னப்பா தட்டு இரண்டு. அதில் ஒன்றை அப்பத்தாவின் வீட்டுக்காரர் எப்போதோ கீழே போட்டு உடைத்துவிட்டார். அரக்குத் தட்டு பிளாஸ்டிக் மாதிரி வளையாது, அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆக மிச்சம் ஒன்று.

வீட்டிலிருந்த சாவி கொடுக்கும் பெட்டியின் ஸ்பிரிங் அறுந்து பல காலம் ஆயிற்று. போன பொங்கலுக்குப் பேரன் 78 வேகமும் ஓடுகிற ஒரு டர்ன்டேபிளைச் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். அப்பத்தாவுக்குப் பரிசு. நல்ல எண்ணம்தான். தட்டை வைத்து முள்ளை இறக்கினான். மழை பெய்கிற மாதிரி சரசரவென்று சத்தம், உள்ளே எங்கேயோ தூரத்தில் ஒரு குரல்.

"தட்டு அழுக்கா இருக்கு அப்பத்தா. கழுவுனா சரியாயிரும்."

"நாங்க துணிய வச்சுத் தொடச்சுத்தானப்பா கேட்டோம்?"

பேரன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த கழுவும் திரவம், கூடவே மெத்தென்ற துணி. ஐந்நூறு எல்பி கழுவிய கை. வட்டமாக, கோட்டுப் போக்கிலேயே, அழுத்தாமல் துடைத்தான். துணி கறுப்பானது. இவ்வளவு அழுக்கா என்று இன்னொரு தடவை துடைத்தான். இன்னும் கறுப்பு. மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் தட்டின் பளபளப்பு போய் அடுப்புக்கரி மாதிரி மங்கியிருப்பது கண்ணில் பட்டது.

வினைலுக்கு ஆல்கஹால் பெரிய கெடுதல் செய்யாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இது ஒன்றும் பெரிய விஞ்ஞான ரகசியம் இல்லை. கதவு நிலைக்கு பாலிஷ் போடுகிற எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் ஃபிரெஞ்ச் பாலிஷ் தயார் செய்கிறார்கள். துணியில் வந்தது அழுக்கு இல்லை, தட்டு. அதாவது பாட்டு. 78ஐக் கழுவ வேண்டுமானால் துளி சோப்புக் கலந்த தண்ணீர் போதும், லேபிள் நனையாமல் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அந்தத் தட்டைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை. 78இன் கோடு அகலமானது. அதற்கான முள்ளின் நுனி எல்பி முள்ளைப் போல சுமார் மூன்று மடங்கு பருமன் இருக்க வேண்டும். எல்பி முள்ளை வைத்தால் அது கோட்டின் சுவரைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்திருக்கும் தூசியையும் பள்ளத்தையும் வாசிக்கும். பேரன் கேட்ட மழைச்சத்தம் அதுதான். சில ஆயிரம் ரூபாய்க்கு வேறு முள் வாங்கி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

அவன் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். பேச்சு வரவில்லை. அப்பத்தாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"விடு அப்பு. ஒங்க தாத்தா அந்தத் தட்ட ஒடச்சப்ப நான் மூணு நாள் பேசல. ஒன்ட்ட எப்படிப் பேசாம இருக்குறது? நீயே ரெண்டு நாள் லீவுலதான வந்துருக்க."

அதற்குப் பிறகு அவன் தேட ஆரம்பித்தான். லேபிளில் எண் தெரிந்தது, அது ஒன்றுதான் புண்ணியம். படத்தின் பாட்டு இணையத்தில் கிடைக்கவே அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது அது இல்ல" என்று சொல்லிவிட்டது. அப்பத்தா சொன்னது சரி. அந்தக் காலத்தில் பல சமயம் படத்துக்கு ஒரு தடவையும் தட்டுக்கு ஒரு தடவையும் தனித்தனியாகப் பாடினார்கள். தட்டில் மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், வாத்தியக்காரர்கள் வேறு, சங்கதி வேறு. சினிமாப் பிரதியே அழிந்துபோன படங்களுக்கு, பாட்டுப் புஸ்தகத்தையும் தட்டையும் விட்டால் வேறு சாட்சியே கிடையாது.

தேடப் போன இடத்தில் அவன் பார்த்த ஆட்கள் வேறு மாதிரி. சென்னையில் பல பத்தாயிரம் தட்டுகளைச் சிறு வயதிலிருந்து சேர்த்த வி.ஏ.கே.ரங்காராவைப் பற்றிப் படித்தான். கேரளத்தில் பாலாவுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி ஒருவர் 2015இல் வீட்டிலேயே கிராமபோன் அருங்காட்சியகம் திறந்ததைப் படித்தான். மைக்கேல் கின்னியர் என்கிற ஆஸ்திரேலியர், 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனி இந்தியாவுக்காகப் பதிந்த தட்டுகளை எண் வாரியாகப் பட்டியல் போட்டுப் புத்தகமாக்கியிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் தட்டு தேய்ந்திருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஊரிலேயே ஞானாலயா இருக்கிறது. ஒரு தம்பதி சொந்தக் காசில் தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த நூலகம். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தது, அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. கடையில் பொட்டலம் மடிக்கப் போகிற காகிதத்தில்கூட அவர்கள் கைவைத்துத் தேடியிருப்பார்கள். அட்டை கசங்கியிருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்திருப்பார்களா?

எட்டு மாதம் கழித்து அதே எண்ணுள்ள தட்டு கிடைத்தது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு மைக்செட்காரர் வீட்டுப் பரணில். இவன் கணக்குப்படி 'குட்'கூட இல்லை. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, கோடெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. மைக்செட்காரர் 200 ரூபாய் கேட்டார். இவன் 1,000 கொடுத்தான். "வெவரம் தெரியாத புள்ளையா இருக்கியே தம்பி" என்று அவர் 500ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். (பேரம் இப்படித் தலைகீழாக நடந்ததற்குப் பொருளாதாரப் பாடத்தில் விளக்கம் கிடையாது.)

இந்தத் தடவை பருத்த முள். வெந்நீர்கூட வைக்கவில்லை, வேட்டித் துணியால் ஒரு தடவை துடைத்ததோடு சரி. முள்ளை இறக்கினான். இரைச்சல் இருந்தது. அதைத் தாண்டிக் குரல் வந்தது. மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய தொண்டை. ஒளிவு மறைவு இல்லாமல் முன்னால் வந்து நின்றது. 15,000 ரூபாய்த் தட்டு எதிலும் இல்லாத என்னவோ ஒன்று என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை, சத்தம் மட்டமான சத்தம்தான். ஆனால் பேரன் முதல் தடவையாக டார்ச் லைட்டை எடுக்காமல் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே கேட்டது. பாதிப் பாட்டில் ஒரு இடத்தில் அதன் உதடு மட்டும் பின்தங்கி, பாட்டு முன்னால் போய்விட்டது. கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தது.

"இதுல குதிக்கலயே?"

"என்ன அப்பத்தா?"

"நம்ம தட்டுல இந்த எடத்துல முள்ளு குதிக்கும்ல. ரெண்டு தடவ அதையே பாடுவாரு. நாங்க எல்லாரும் ரெண்டு தடவதான் பாடுவோம்."

பழைய தட்டு இன்னும் மரப்பெட்டியில்தான் இருக்கிறது. மங்கிப்போய், லேபிள் சாயம் ஒரு பக்கம் இழுகிப்போய். பேரன் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு அப்பத்தா பதில் சொல்லவில்லை, பெட்டியை மூடி அதன் மேல் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டது.